தாழப் பறந்து மருந்து தெளித்தல்: கமக்காரர் அறியவேண்டிய அபாயங்களும் பாதுகாப்பு முறைகளும்

நெல், மரக்கறிப் பயிர்களைத் தாக்கும் பீடைகளையும் நோய்களையும் களைகளையும் அடக்குவதற்கு மருந்து தெளிக்கும் முறைகள் பல உள. அவற்றுள் முதுகிற் சுமக்கும் தெளிகருவி நம் கமக்காரருக்கு நன்கு பழக்கமானது. இக்காலத்தில் ட்ரோன் எனப்படும் ஆளில்லா விமானத்தைக் கொண்டு மருந்து தெளிக்கும் முறையும் இலங்கையின் நெல்வயல்களில் இடம்பெற்று வருகின்றது. பல மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிவதாலும், சேற்றில் இறங்கிப் பயிரை மிதிக்கவேண்டிய தேவை இல்லாமையாலும் கமக்காரர் பலர் இதனை விரும்புகின்றனர்.

ஆயினும், பயிரின் தலைக்குச் சற்று மேலே பறந்து செய்யும் இவ்வேலையில் உயிராபத்து உண்டு. அதனை அறிந்து விலக்குவது விமானத்தைச் செலுத்துபவரின் கடமை மட்டுமன்று, வயலுக்குரியவரின் கடமையுமாகும். செலுத்துபவர் அன்று வந்து அன்றே போகின்றவர். எந்த மூலையில் எந்தக் கம்பி செல்கின்றது, எந்த வரம்பின் அருகே எவர் வீட்டுக் கிணறு உள்ளது என்பவற்றை அறிந்தவர் வயலுக்குரியவரே. ஆகையால் வேலை தொடங்குமுன் கமக்காரர் செய்யும் ஆயத்தமே விபத்துகளைத் தவிர்ப்பதற்குச் சிறந்த வழியாகும்.

நூறாண்டு அனுபவம்

1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 3ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் மரத்தோப்பொன்றின் இலைகளைப் புழுக்கள் தின்று அழித்துக்கொண்டிருந்தன. ஜோன் மக்றெடி என்னும் படைவிமானி, ஈய ஆசனேற்றுத் தூளைப் போர்ப் பயிற்சி விமானமொன்றில் ஏற்றிச் சென்று அத்தோப்பின்மேல் தூவினார். பயிர்ப் பாதுகாப்பிற்கு விமானம் பயன்பட்ட வரலாறு இவ்வாறு தொடங்கியது. அடுத்த ஆண்டிலே லூசியானா மாநிலத்தின் பருத்தி வயல்களிலும் இம்முறை பரிசோதிக்கப்பட்டது.

நீண்ட காலமாக இவ்வேலைக்கு வேறு நோக்கங்களுக்காகக் கட்டப்பட்ட பழைய விமானங்களே பயன்பட்டன. அவற்றுட் சில மோதியபோது, பின்னே ஏற்றப்பட்டிருந்த மருந்துத் தாங்கியின் பாரம் முன்னே உந்தி, இடையில் அமர்ந்திருந்த விமானியை நசுக்கியது. இக்குறையை நீக்கும் நோக்குடன் பிரெட் வெய்க் என்னும் பொறியியலாளர் புதிய விமானமொன்றை வகுத்தார். அது 1950ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 1ஆம் திகதி முதன்முறை பறந்தது. அதில் மருந்துத் தாங்கி விமானிக்கு முன்னே வைக்கப்பட்டது. விமானியின் இருக்கை உயர்த்தப்பட்டு, வலிமையான கூட்டினாற் சூழப்பட்டது. மோதும்போது முன்பகுதி படிப்படியாக நசுங்கி அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளுமாறு அமைக்கப்பட்டது. பின்வந்த கமத்தொழில் விமானங்கள் பல இம்முறையையே பின்பற்றின. தாழப் பறப்பதில் மோதல் நேரக்கூடும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, விமானியின் உயிரைக் காக்க வழிதேடியமையே இதிலுள்ள சிறப்பாகும்.

ஜப்பானின் நெல்வயல்கள் சிறியன. இடையிடையே வீடுகளும் மின்கம்பிகளும் உள்ளன. அங்கு ஆளேறிய ஹெலிகொப்டர்களோடு, விமானி ஏறாத சிறிய ஹெலிகொப்டரும் உருவாக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த அத்தகைய பொறியொன்று 20 கிலோகிராம் பாரத்தைச் சுமக்கும் ஆற்றல் உடையதாயிருந்தது. இன்று நம் வயல்களிற் பறக்கும் ட்ரோன்களுக்கு அதனை முன்னோடி எனலாம்.

ஏன் தாழப் பறக்க வேண்டியிருக்கின்றது?

தாழப் பறப்பது விமானியின் வீரத்தைக் காட்டுவதற்கன்று. மருந்துத் துளி பயிரிலே படவேண்டுமாயின் அது குறுகிய தூரத்திலிருந்தே விழவேண்டும். இதனாலேயே கமத்தொழில் விமானங்கள் பயிரின் தலைக்கு மேல் ஏறத்தாழ 8 அடி முதல் 12 அடி வரை உயரத்திற் பறக்கின்றன. ட்ரோன்களும் ஏறத்தாழ இதேயளவு உயரத்திலேயே செலுத்தப்படுகின்றன.

துளியின் பருமன் இங்கு முதன்மையானது. துளிகளை மைக்கிரோன் என்னும் அளவினால் அளப்பர். ஆயிரம் மைக்கிரோன் ஒரு மில்லிமீற்றராகும். மணிக்கு 3 மைல் வேகமுடைய இளங்காற்று வீசும்போது, 10 அடி உயரத்திலிருந்து விடப்படும் துளிகள் அடையும் நிலையை நோக்குக. 400 மைக்கிரோன் பருமனுள்ள துளி ஏறத்தாழ 2 செக்கனில் நிலத்தை அடையும். அதற்குள் காற்று அதனை 9 அடியளவே தள்ளும். 100 மைக்கிரோன் துளி விழுவதற்கு ஏறத்தாழ 10 செக்கன் செல்லும். அது 45 அடியளவு விலகும். 20 மைக்கிரோன் துளியோ நான்கு நிமிடங்களளவு மிதந்து, ஆயிரம் அடிக்கு மேலும் செல்லக்கூடும். உயரம் கூடக்கூட இத்தூரமும் கூடும்.

ஆகவே, உயரப் பறந்தால் மருந்து அயலவரின் வீட்டிற்கும் கிணற்றிற்கும் செல்லும். தாழப் பறந்தால் கம்பியிலும் மரத்திலும் மோதும் ஆபத்து மிகும். இவ்விரண்டிற்கும் நடுவிலேயே இவ்வேலை நடைபெறுகின்றது. தடைகள் நிறைந்த வயலில் உயரத்தைக் கூட்டித் தப்பலாம் என எண்ணுவது தவறு. அத்தகைய இடத்தில் வானிலிருந்து தெளிக்காது விடுவதே முறையாகும்.

கம்பிகளால் நேரும் ஆபத்து

தாழப் பறப்பவர்க்குக் கம்பியே கொடிய பகையாகும். மணிக்கு 120 மைல் வேகத்திற் செல்லும் விமானம் ஒரு செக்கனில் 176 அடி செல்கின்றது. 600 அடி நீளமுள்ள வயலொன்றை அது நான்கு செக்கனுக்குள் கடந்துவிடும். அந்நேரத்துள் கம்பியைக் கண்டு, அது கம்பியென உணர்ந்து, விமானத்தை மேலே எழுப்புவது அரிது.

மேலும், கம்பி கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதில்லை. மரங்களின் பச்சையிலும் வானத்தின் வெண்மையிலும் அது மறைந்துவிடும். எனவே அனுபவமுள்ள விமானிகள் கம்பியைத் தேடாது கம்பத்தைத் தேடுவர். கம்பம் மரத்தின் பின்னே மறைந்திருந்தால் அதுவும் பயன்படாது. உயர்வலு மின்கோபுரங்களின் உச்சியில், இடிமின்னலைத் தாங்குவதற்காக மெல்லிய கம்பியொன்று தனியே செல்லும். கீழுள்ள தடித்த கம்பிகளைக் கண்டு அவற்றிற்கு மேலே எழுந்த விமானிகள் இம்மெல்லிய கம்பியில் மோதியதுண்டு. வெப்பமான நாளிற் கம்பி தளர்ந்து தாழும் என்பதையும் நினைவிற் கொள்க.

கம்பி இருப்பதை முன்னரே அறிந்திருந்தும் அதில் மோதியவர் பலர். காலையில் மூன்று முறை அதனைத் தவிர்த்தவர், நான்காம் முறை தெளிப்பிலே கருத்தூன்றியபோது மறந்துவிடுகின்றார். ஆகையால் ஒரு முறை சொல்லிவிட்டோம் எனக் கமக்காரர் அமைதியடைதல் கூடாது.

புதிதாகத் தோன்றும் தடைகள் மேலும் ஆபத்தானவை. 2011ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கலிபோர்னியா மாநிலத்திலே, காற்றின் வேகத்தை அளப்பதற்காக நாட்டப்பட்டிருந்த மெல்லிய கம்பத்தில் கமத்தொழில் விமானமொன்று மோதி விமானி உயிரிழந்தார். அத்தகைய கம்பங்கள் சில மணி நேரத்தில் நாட்டப்படக்கூடியவை. அவற்றுட் பல 200 அடிக்குச் சற்றுக் குறைவாக அமைக்கப்பட்டமையால், உயர்ந்த கட்டடங்களுக்கு அடையாளமிடவேண்டும் என்னும் விதி அவற்றைத் தொடவில்லை. இத்தகைய கம்பங்களுக்கும் அடையாளமிடவேண்டுமென 2016ஆம் ஆண்டில் அந்நாட்டிற் சட்டம் செய்யப்பட்டது.

திருப்பமும் களைப்பும்

வயலின் எல்லையை அடைந்ததும் விமானம் மேலெழுந்து, சரிந்து திரும்பி, அடுத்த நிரைக்கு வரவேண்டும். 60 பாகை சரிந்து திரும்பும்போது சிறகு தாங்கவேண்டிய பாரம் விமானத்தின் நிறையைப்போல் இரு மடங்காகின்றது. நேரே பறக்கையிற் போதுமானதாயிருந்த வேகம் அப்பொழுது போதாது. தாங்கியில் மருந்து நிறைந்திருந்து, வெப்பத்தினால் காற்றும் நொய்தாயிருப்பின் விமானம் தாங்கும் வலுவை இழந்து வீழும். நிலம் அண்மையிலிருப்பதால் திருத்திக்கொள்ள நேரமில்லை.

2013ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் நேர்ந்த, கமத்தொழில் விமான வேலையோடு தொடர்புடைய 78 விபத்துகளை அந்நாட்டின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஆராய்ந்து, 2014ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. விமானிகளின் களைப்பு, விமானங்களின் பராமரிப்புக் குறைபாடு, ஆபத்தை முன்கூட்டி மதிப்பிடும் வழிகாட்டல் இன்மை ஆகியன அதிற் சுட்டிக்காட்டப்பட்டன. இவை ட்ரோன் செலுத்துபவர்க்கும் பொருந்தும். விடியற்காலை முதல் வெயிலில் நின்று, பத்து வயல்களை முடித்துவிட்டுப் பதினோராவது வயலுக்கு வருபவரின் கண்ணும் கையும் தளர்ந்திருக்கும். "பொழுது சாய்வதற்குள் என் வயலையும் முடித்துவிடுங்கள்" என அவரை நெருக்குதல் விபத்தை வரவழைப்பதாகும்.

நிலத்தில் நிற்பவர்க்கும் அயலவர்க்கும் நேரும் ஆபத்து

முற்காலத்தில் விமானி நேரே பறப்பதற்காக, வயலின் எல்லையிற் கொடியேந்தி நிற்பதற்கு ஆட்கள் அமர்த்தப்பட்டனர். அவர்கள் மருந்தில் நனைந்ததோடு, விமானத்தால் மோதப்படும் ஆபத்திற்கும் உட்பட்டனர். செய்மதி வழிகாட்டற் கருவிகள் வந்தபின் அவ்வேலை பெரும்பாலும் ஒழிந்தது. ஆனால் இன்றும் ட்ரோன் பறக்கும் வயலின் வரம்பில் வேடிக்கை பார்க்கும் பெரியோரையும் சிறுவரையும் காண்கின்றோம். கொடியேந்தியவர்க்கு நேர்ந்த தீங்கே இவர்களுக்கும் நேரக்கூடும்.

ட்ரோன் தெளிக்கும் மருந்து செறிவு மிக்கது என்பதை அறிதல் வேண்டும். கைத்தெளிகருவியில் ஏக்கரொன்றிற்கு நூறு லீற்றருக்கு மேற்பட்ட நீரிற் கலக்கப்படும் மருந்து, ட்ரோனிற் பெரும்பாலும் பத்து லீற்றருக்குக் குறைந்த நீரிலே கலக்கப்படுகின்றது. ஆகவே அதன் ஒரு துளி கைத்தெளிகருவியின் பத்துத் துளிக்கு மேற்பட்ட வலுவுடையது.

பயிருக்கும் தீங்கு உண்டு. நெல்வயலின் அகன்ற இலைக் களைகளுக்குத் தெளிக்கப்படும் எம்.சீ.பி.ஏ. போன்ற களைகொல்லிகள் காற்றிற் பரவினால், அயலிலுள்ள தக்காளி, கத்தரி, மிளகாய், பூசணி ஆகியவற்றின் இலைகள் சுருண்டு முறுகும். ஒருவர் வயலின் களை ஒழிய, மற்றவரின் மரக்கறித் தோட்டம் அழிவதாயின் அதனாற் பயன் யாது?

கேரள மாநிலத்தின் காசர்கோடு மாவட்டத்தில் நிகழ்ந்தது யாவர்க்கும் ஒரு படிப்பினையாகும். அங்கு மரமுந்திரிகைத் தோட்டங்களின்மேல் எண்டோசல்பான் என்னும் பூச்சிகொல்லி 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகொப்டரிலிருந்து தெளிக்கப்பட்டது. தோட்டங்களையடுத்து வீடுகளும் கிணறுகளும் நீரோடைகளும் இருந்தன. மக்களிடையே கொடிய நோய்களும் பிறவிக் குறைகளும் காணப்பட்டமையால் நீண்ட போராட்டம் எழுந்தது. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் அம்மருந்தை நாடு முழுவதிலும் தடைசெய்தது.

தெளிப்பதற்கு முன்னர் செய்யவேண்டியவை

1. வானிலிருந்து தெளிப்பது தேவைதானா என ஆராய்க. கபில நிறத் தத்தி நெற்பயிரின் அடியில், நீர்மட்டத்திற்கு அண்மையிலே தங்குகின்றது. மேலிருந்து விழும் சிறு துளிகள் அடர்ந்த பயிரினூடே அங்கு சென்றடைவது அரிது. ஆனால் தத்தியை உண்ணும் சிலந்திகள் அழியும். பயிரைப் பிரித்துப் பார்த்து, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே முடிவு செய்க.

2. மருந்தின் சுட்டுத்துண்டை வாசிக்க. பதிவு செய்யப்பட்ட மருந்தையே, அதிற் குறிக்கப்பட்ட பயிருக்கும் முறைக்கும் ஏற்பப் பயன்படுத்துக.

3. ட்ரோன் செலுத்துபவர் பயிற்சி பெற்றவரா என்பதையும், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளுக்கமைய அனுமதி பெற்றுள்ளாரா என்பதையும் கேட்டறிக.

4. வயலைச் சுற்றி நடந்து, ஒரு தாளிலே படம் வரைக. மின்கம்பங்கள், அவற்றைத் தாங்கி நிலத்திற்கு இழுத்துக் கட்டிய சாய்கம்பிகள், நீரிறைக்கும் இயந்திரத்திற்குச் செல்லும் மின்கம்பி, யானைவேலி, பறவைகளை விரட்டக் கட்டிய நாடாக்கள், பனை, தென்னை, கிணறு, வீடு, பாடசாலை, தேனீப் பெட்டி, மீன் வளர்க்கும் குளம் ஆகிய யாவற்றையும் அதிற் குறிக்க.

5. கடந்த போகத்தின்பின் புதிதாக வந்தவற்றைச் சிவப்பு மையினாற் காட்டுக. பழைய படத்தை நம்பிப் பறப்பவர் புதிய கம்பியில் மோதுவர்.

6. சாய்கம்பிகளுக்கு அருகே ஒரு தடியை நாட்டி அதில் வெள்ளைத் துணியைக் கட்டுக. மின்கம்பியிலோ மின்கம்பத்திலோ எதனையும் கட்டுதல் ஒருபோதும் கூடாது.

7. தெளிக்கும் நாளையும் நேரத்தையும் அயலவர்க்கு முதல்நாளே அறிவிக்க. கிணறுகளை மூடவும், கால்நடைகளை அப்புறப்படுத்தவும், உலரவிட்ட துணிகளையும் தானியங்களையும் எடுக்கவும் அவர்களுக்கு அவகாசம் வேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே இதனை ஒழுங்கு செய்துகொள்வது நன்று.

தெளிக்கும்போது கவனிக்கவேண்டியவை

1. செலுத்துபவருடன் வயலைச் சுற்றி நடந்து, படத்திற் குறித்த ஒவ்வொரு தடையையும் நேரிற் காட்டுக. ஒவ்வொரு முறை மருந்து நிரப்பும்போதும் அவற்றை மீண்டும் நினைவூட்டுக.

2. காற்று மணிக்கு 10 மைலுக்கு மேல் வீசும்போது தெளித்தல் கூடாது. காற்றே இல்லாத அமைதியான விடியலும் அந்தியும் பாதுகாப்பானவை எனக் கருதுதலும் பிழை. அவ்வேளையில் நிலத்தையடுத்த காற்று குளிர்ந்து, மேலே வெப்பமான காற்று மூடிபோல் அமைவதுண்டு. சிறு துளிகள் கலைந்துபோகாது கூட்டமாக மிதந்து நெடுந்தூரம் செல்லும். சிறிது வைக்கோலைப் புகையவிட்டுப் பார்க்க. புகை மேலெழாது படலமாகப் படர்ந்து நின்றால் தெளிப்பை ஒத்திவைக்க.

3. காற்று எத்திசையை நோக்கி வீசுகின்றது என்பதை அறிந்து, அத்திசையில் வீடோ தோட்டமோ நீர்நிலையோ இருப்பின் அப்பக்கத்தில் அகன்ற கரையொன்றைத் தெளிக்காது விடுக.

4. வேலைக்கு வேண்டியவர் தவிர்ந்த யாவரையும், சிறப்பாகச் சிறுவரை, குறைந்தது 100 அடிக்கு அப்பால் நிறுத்துக. காற்று வீசிச் செல்லும் பக்கத்தில் எவரும் நிற்றல் கூடாது.

5. சுழலும் விசிறிகள் முற்றாக நின்ற பின்னரே ட்ரோனை அணுகுக. மருந்து கலப்பவர் கையுறை, முகமூடி, கண்ணாடி, நீண்ட சட்டை ஆகியவற்றை அணிதல் வேண்டும்.

6. கம்பிக்கு அண்மையிலுள்ள மூலையைப் பறந்து தெளிக்க முயலாது, கைத்தெளிகருவிக்கு விட்டுவிடுக. "அந்த மூலையையும் விடாதீர்கள்" என்னும் ஒரு சொல்லினால் ட்ரோனும் அதனைச் செலுத்துபவரும் அருகில் நிற்பவரும் ஆபத்திற்குள்ளாகலாம். ஒரு மூலையில் விளையும் நெல் ஓர் உயிருக்கு ஈடாகாது.

விபத்து நேர்ந்தால்

ட்ரோன் மின்கம்பியிற் சிக்கினால் தடியாலோ மூங்கிலாலோ அதனைத் தட்டி வீழ்த்த முயலற்க. மின்சார அலுவலகத்திற்கு உடனே அறிவித்து, எவரையும் அணுகவிடாது காக்க. அறுந்த கம்பி வயலில் வீழ்ந்திருப்பின், நீர் நிறைந்த வயலினூடாகவும் ஈர வரம்பினூடாகவும் மின் பாயும். கம்பி செயலற்றுக் கிடப்பதுபோலத் தோன்றினும், மின் துண்டிக்கப்பட்டதென அலுவலர் கூறும்வரை அவ்வயலில் இறங்குதல் கூடாது.

வீழ்ந்த ட்ரோனின் மின்கலம் சிறிது நேரங்கழித்தும் தீப்பற்றக்கூடும். அதனை வீட்டிற்குள்ளோ வைக்கோற் போரின் அருகிலோ கொண்டுசெல்லற்க.

மருந்து ஒருவர்மேற் பட்டால் நனைந்த உடைகளை உடனே களைந்து, சவர்க்காரமிட்டு நிறைந்த நீரினாற் கழுவுக. கண்ணிற் பட்டிருப்பின் தூய நீரினாற் குறைந்தது 15 நிமிடம் கழுவுக. தலைவலி, குமட்டல், மிகுந்த வியர்வை, வாயூறல், பார்வை மங்கல், கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியன நஞ்சூட்டலின் அறிகுறிகளாம். இவற்றுள் ஒன்று தோன்றினும் காத்திராது, 1990 என்னும் இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைத்து, நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புக. மருந்துப் போத்தலை அல்லது அதன் சுட்டுத்துண்டை உடன் கொடுத்துவிடுதல் வேண்டும். எந்த நஞ்சு என்பதை அறிந்தாலன்றி வைத்தியர் தக்க மாற்றுமருந்தை விரைந்து கொடுத்தல் இயலாது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

தாழப் பறத்தல் மருந்து தெளிப்பிற்கு இன்றியமையாதது. ஆகவே அதன் ஆபத்தை முற்றாக நீக்குதல் இயலாது. ஆயினும் கம்பியைக் காட்டுதல், காற்றை நோக்குதல், ஆட்களை விலக்குதல், அயலவர்க்கு அறிவித்தல், ஆபத்தான மூலையை விட்டுவிடுதல் ஆகிய ஐந்தும் கமக்காரர் கையிலேயே உள்ளன. இவற்றிற்குப் பணச்செலவு பெரிதும் இல்லை. ஒரு நாள் முன்னதாகச் செய்யும் ஒரு மணி நேர ஆயத்தமே போதும்.

இது பற்றி மேலும் விளக்கம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகி ஆலோசனை பெற்றுக்கொள்ளலாம். வயலின் படத்தை வரைந்து எடுத்துச் செல்வாராயின் அவ்வாலோசனை மேலும் பயனுடையதாயிருக்கும்.